அணுவும் நிலவும் எங்கள் வாவியும்



போயா என்றால் நமக்கு லீவு. பள்ளிக்கூடமும் இல்லை, கந்தோரும் பூட்டு. அந்த லீவைத் தருவது யார்? நிலவுதான். 29½ நாளுக்கு ஒருமுறை அது பறுவமாகிறது. வீட்டுக் கலண்டரும் அதன் பின்னால் போகிறது.

மட்டக்களப்பாருக்குப் பறுவத்தில் இன்னொரு பெருமையும் உண்டு. எங்கள் வாவியில், கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மேல்நுனியில் காதை வைத்தால் மீன்பாட்டுக் கேட்கும் என்பார்கள். லாங் என்ற பாதிரியார் அதை ஒலிப்பதிவும் செய்தார். பாடுவது மீனா, ஊரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எது பாடினாலும் காதுக்கு வருவது அதிர்வுதான். தண்ணீர் நடுங்க, துடுப்பும் சேர்ந்து நடுங்குகிறது.

போவதும் திரும்பி வருவதுமான இந்த அசைவு அணுவுக்குள்ளும் இருக்கிறது. சீசியம் அணு தரும் கதிர் 9,192,631,770 தடவை அதிர்ந்தால் ஒரு செக்கன். 1967 முதல் உலகத்தின் செக்கன் இதுதான்.

இது நம் வீட்டுக்கு எதற்கு என்கிறீர்களா? இரவில் கடலுக்குப் போனவர் முகத்துவாரத்தைத் தேடிக் கரை திரும்ப ஜி.பி.எஸ். பார்க்கிறார். அந்தச் செய்மதிகளுக்குள் இருப்பவை அணு மணிக்கூடுகள். நேரம் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரக் கணக்கு 300 மீற்றர் பிழைத்துவிடும். கரையில் காத்திருக்கும் குடும்பத்துக்கு அது சின்ன விசயமா?

மேலே வானத்தைப் பார்த்தாலும், போய்த் திரும்பி வரும் இதே கதைதான். பூமி சூரியனை ஒரு வருசத்தில் சுற்றுகிறது. சூரியனோ நம்மையும் கூட்டிக்கொண்டு பால்வீதியை ஒருமுறை சுற்றிவர 20 கோடி வருசத்துக்கும் மேல் எடுக்கிறது.

இவற்றையெல்லாம் நம் பிள்ளைகள் பரீட்சைக்காகப் பாடமாக்குகிறார்கள். கண்ணால் பார்க்கிறார்களா? டியூசனுக்கு ஓடும் பிள்ளைக்கு வானத்தைப் பார்க்க நேரம் கொடுக்கிறோமா?

வருகிற போயாவுக்குப் பிள்ளைகளைக் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். பொழுதுபடும் நேரம் கடலுக்கு மேலே நிலவு எழும்பும். நேரத்தைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த மூன்று நாளும் அப்படியே எழுதட்டும். நாளுக்குச் சராசரி 50 நிமிசம் பிந்தும். அதை 29½ ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஒரு முழு நாள் வரும். அடுத்த பறுவத்தில் நிலவு பழைய நேரத்துக்கே வருவது இதனால்தான்.

விடையை மட்டும் நீங்கள் முந்திச் சொல்லிவிட வேண்டாம். கண்டுபிடிக்கும் சந்தோசம் பிள்ளைக்கே கிடைக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்