காட்டுப்பன்றி ஏன் குறையவில்லை? கன்னிவாடி அடிவாரத்தில் ஒரு கணக்கு!

திண்டுக்கல் மாவட்டம் கன்னிவாடிக்கு மேலே உள்ள மலைக்கிராமத்தின் பெயரே பன்றிமலை. பழநி மலைத்தொடருக்கும் வராககிரி என்று ஒரு பழைய பெயர் உண்டு. ஆக, இங்கே காட்டுப்பன்றி புது விருந்தாளி அல்ல. ஆனால், மலையடிவாரத்தில் மக்காச்சோளமோ நிலக்கடலையோ போட்டவர்களுக்கு விளைச்சல் நேரத்தில் தூக்கமே கிடையாது. ஒரு கூட்டம் புகுந்தால் ஒரே ராத்திரியில் வயலைக் கிளறிப் போட்டுவிடும்.

"பன்றி ரொம்பப் பெருகிடுச்சு" என்பதுதான் விவசாயிகளின் புலம்பல். சரி, ஓர் உயிரினத்தின் எண்ணிக்கையை எது தீர்மானிக்கிறது?

நான்கே விஷயங்கள்தான். பிறப்பு, இறப்பு, வெளியிலிருந்து வந்து சேர்வது, இங்கிருந்து வெளியேறுவது.

காட்டுப்பன்றி சுமார் நான்கு மாதம் சினை சுமந்து, ஒரே ஈற்றில் நான்கு, ஐந்து குட்டிகள் போடும். ஒரு கற்பனைக் கணக்கு: 100 பன்றிகள் ஆண்டுதோறும் இரட்டிப்பானால், 10 ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும்!

நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. கூட்டம் பெருகப் பெருக இரையும் இடமும் பற்றாமல் போகும். சிறுத்தையும் செந்நாயும் குட்டிகளை அடிக்கும். நோயும் பரவும். 2023 தொடக்கத்தில் முதுமலையில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் காட்டுப்பன்றிகள் இறந்தன. ஓரிடம் எத்தனை உயிர்களுக்குச் சோறு போட முடியுமோ, அதுதான் அந்த இடத்தின் தாங்குதிறன். எண்ணிக்கை அதைத் தாண்டினால் தானாகவே சரியும்.

சிக்கல் இங்கேதான். காட்டில் கிழங்கும் வேரும் குறையும் நேரத்தில், அடிவார வயல் இன்னொரு பந்தியாகிவிடுகிறது. பட்டினியில் சாக வேண்டிய குட்டிகளும் பிழைக்கின்றன. பகலில் பதுங்கச் சீமைக்கருவேலப் புதரும் இருக்கிறது. ஆக, நம்மை அறியாமலே தாங்குதிறனை நாமே உயர்த்திவிட்டோம்.

அப்படியானால் சுட்டால் தீருமா? 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் உத்தரவு போட்டது. காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 1 கி.மீ.க்குள் சுட அனுமதி இல்லை. மலையை ஒட்டியே தோட்டம் வைத்திருப்பவருக்கு இதனால் பெரிய ஆறுதல் இல்லை. சுட்டாலும், பந்தி அப்படியே இருந்தால் மிஞ்சியவை நன்றாகத் தின்று குட்டி போடும். காலி இடத்துக்குப் பக்கத்துக் கூட்டமும் வந்து சேரும்.

இதே பகுதியில் இறங்கும் யானையின் கதை வேறு. கிட்டத்தட்ட 22 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும். யானை அடிக்கடி கண்ணில் படுகிறது என்பதற்காகத் திடீரெனப் பெருகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. தண்ணீரும் தீனியும் தேடி இடம் மாறியிருக்கலாம்.

பன்றிக்கு வழி, பந்தியை மூடுவதுதான். அறுவடைக் கழிவை வயலில் விட்டுவைக்காமல் அகற்றலாம். வரப்போரப் புதரை வெட்டலாம். எல்லாவற்றையும்விட, பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரே வேலியாகப் போட வேண்டும். ஒருவர் மட்டும் வேலி போட்டால் பன்றி குறையாது. பக்கத்து வயலுக்குத்தான் போகும்!