தொண்டரும் அயன்மொழி வகுப்பும்

'இல்லம் தேடிக் கல்வி' எனும் பெயரில் தமிழக அரசு 2021 அக்டோபர் 27-இல் தொடங்கிய திட்டத்திற்கு முதற்கண் தேர்ந்த 12 மாவட்டங்களுள் திண்டுக்கல்லும் ஒன்று. இரெட்டியார்சத்திரம் ஒன்றியம் அம்மாவட்டத்தது. கொரோனாத் தொற்றால் பள்ளிகள் அடைபட்டுக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்க, மாலையில் ஒன்றரை மணி நேரம், இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர் என ஏற்பாடாயிற்று. தொடக்க வகுப்பிற்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும், நடுநிலை வகுப்பிற்குப் பட்டமும் தகுதி. திங்களுக்கு 1000 உருபா.

தமிழும் கணக்கும் கற்பித்த அளவில் இதிற் குறைகாண ஒன்றுமில்லை. தாய்மொழியில் தடுமாறும் பிள்ளைக்குத் தெருவே துணையாசிரியர். தொண்டர் ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னாலும் வீட்டுப் பாட்டி திருத்திவிடுவாள். ஆங்கிலத்திற்கு அத்திருத்தம் எங்கிருந்து வரும்? இரெட்டியார்சத்திரத்துக் கடைத்தெருவிலிருந்தா, காய்கறித் தோட்டத்திலிருந்தா? தொண்டரின் பிழையே அப்பிள்ளைக்கு இலக்கணமாய் நின்றுவிடும். அயன்மொழிக்கன்றோ பயிற்சி மிக்க ஆசிரியர் வேண்டும்! அரசோ மூன்று பாடத்தையும் ஒரே தோளில் ஏற்றியது. அத்தோளும் பெரும்பாலும் படித்துவிட்டு வேலையின்றியிருந்த பெண்ணின் தோள். திங்களுக்கு இருபது நாள் எனக் கொண்டால், மணிக்கு முப்பத்துமூன்று உருபா! அதனைத் தொண்டு என்பதும் பொய். ஊதியம் என்பதும் பொய்.

அயன்மொழித் தொண்டு தமிழகத்திற்குப் புதிதன்று. 1918-இல் காந்தியார் தம் மகன் தேவதாசையே இந்தி கற்பிக்கும் தொண்டராகச் சென்னைக்கு விடுத்தார். விரும்பியவர் கற்றனர். இருபதே ஆண்டில், 1938 ஏப்பிரல் 21-இல், இராசாசி அமைச்சரவையின் ஆணை 125 பள்ளிகளில் அதனைக் கட்டாயமாக்கிற்று. சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிர்நீத்தனர். 1940 பிப்பிரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் அன்று தொடங்கிய தொண்டில் வளர்ந்த இந்திப் பிரசார சபையை 1964-இல் பாராளுமன்றம் நாட்டுச் சிறப்புடைய நிறுவனமாக்கிற்று. தொண்டர் எவர், அவரை விடுப்பவர் எவர் என்று கேட்பது அதனால்தான். 2021-இலும், தன்னார்வலர் என்ற பெயரில் மதவெறி அமைப்பினர் நுழைவர் என்னும் அச்சம் எழுந்ததே!

அயன்மொழி வகுப்பைத் தொண்டரிடம் விடும் அரசு, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரைக் கிழமைக்கொரு முறையேனும் உடனிருக்கச் செய்யட்டும். எவ்வமைப்பின் சார்பிலும் எவரையும் ஏற்க வேண்டா. வெற்றிடமாய்க் கிடக்கும் ஆசிரியர் பணியிடத்திற்குத் தொண்டரைக் கணக்குக் காட்டுதல் அறவே ஆகாது. இவ்விதிகளை வட்டாரக் கல்வி அலுவலக வாயிலில் நல்ல தமிழில் எழுதி ஒட்டினால், தொண்டராக வரும் பெண் தனக்குரிய கடனும் உரிமையும் அறிந்தே கையெழுத்திடுவாள்.