கம்பெனி பேரைக் கோப்புக்கு வைக்கலாமா?

நிரலில் பிழை எங்கே என்று தேடித் தரும் மென்பொருள் ஜிடிபி. அதில் ஒவ்வொரு பிராசசர் வகைக்கும் தனிக் கோப்பு. எக்ஸ்86-64 என்றிருந்த கோப்பை 2004-ல் ஏஎம்டி64 ஆக்கினார்கள். அதே வருடம் இன்டெலும் அந்தக் கட்டளைகளுக்கே வந்து சேர்ந்தது! இன்றும் இன்டெல் சிப்புக்கு வேலை பார்ப்பது போட்டிக் கம்பெனி பேர் போட்ட கோப்புதான். புதிதாக வருகிறவன் எங்கே போய்த் தேடுவான்?

வடிவமைத்தவனுக்கு மரியாதை என்பீர்களா? அதைக் கோப்புக்குள் இரண்டு வரி எழுதிக் காட்டலாமே. காரைக்குடியில் விலாச எழுத்தைச் சொல்லி வீட்டை விசாரிக்கலாம், அது குடும்பச் சொத்து. பிராசசர் கட்டளைகள் அப்படியா? சென்னை ஐஐடியின் சக்தி பிராசசர் தன் பேரில் கோப்பு கேட்கவில்லை. 2018-ல் சேர்ந்த, ரிஸ்க்-வி என்ற பொதுப்பேர் கொண்ட கோப்பே அதற்குப் போதும்.

பேர் மாற்றினால் பழைய வரலாறு அறுந்துபோகும் என்பதெல்லாம் சாக்கு. லினக்ஸில் 2007-ல் ஐ386, எக்ஸ்86-64 என்ற இரண்டு அடைவுகளையும் சேர்த்து எக்ஸ்86 என்று வைத்தார்கள். குடி ஒன்றும் முழுகிவிடவில்லை.