அந்த 800 மீட்டர் ஓட்டம் யார் கணக்கு?

திருச்சிப் பக்கத்துச் சொந்தங்களே,

ஊருக்குப் போன் போட்டால் இன்னும் அந்தப் பேச்சு வருகிறது. "பதக்கத்தைப் பிடுங்கினா என்ன, ஓடினது நம்ம முடிகண்டத்துப் பொண்ணு. தோஹா தங்கம் நம்ம கணக்குதான்" என்கிறீர்கள். வறுமையோடு மல்லுக்கட்டி, 2016இல் புற்றுநோய்க்கு அப்பாவைப் பறிகொடுத்து, அதன் பிறகும் ஓடியவர் கோமதி மாரிமுத்து. அவர்மேல் உங்களுக்குள்ள பாசம் எனக்கும் உண்டு. ஆனாலும் அந்தத் தங்கத்தை நம் கணக்கில் எழுதக் கூடாது.

2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் கோமதி 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடினார். சீனாவின் வாங் சுன்யூ 2:02.96. இடைவெளி கால் விநாடி. பிறகு கோமதியின் மாதிரியில் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம் கிடைத்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார் அவர். 2020இல், 2019இலிருந்தே கணக்கிட்டு நான்கு ஆண்டுத் தடை வந்தது, பதக்கமும் போனது. வாங் சுன்யூவுக்குத் தங்கம் சேர்ந்தது. ஆனால் மேடையின் உச்சிப் படியில் நின்று தன் நாட்டுக் கீதம் கேட்கும் அந்த நிமிடத்தை அவருக்கு யார் திருப்பித் தருவது? அவருக்கும் ஓர் ஊர் இருக்கிறது, விழித்திருந்து பார்த்த சனம் இருக்கிறது.

நான் இருக்கும் மலேசியாவிலும் இது நடந்தது. அம்பாங்கில் எல்.ஆர்.டி. ரயில் ஏறி சான் சௌ லின்னில் மாறினால் புக்கிட் ஜாலில். 2017 தென்கிழக்கு ஆசிய (சீ) விளையாட்டுப் போட்டியில் அங்கேதான் மலேசிய டைவிங் வீராங்கனை வெண்டி இங் 3 மீட்டர் பலகையில் பாய்ந்து இரண்டு தங்கம் வென்றார். உடல் இளைக்க உதவும் சிபுட்ராமின் மாதிரியில் இருந்ததால் இரண்டும் பறிபோயின. இரட்டையர் போட்டியில் அவரோடு பாய்ந்த நூர் டபித்தா சப்ரி ஒரு தவறும் செய்யாமலே தங்கத்தை இழந்தார். தனிநபர் போட்டியில் நூர் டபித்தாவின் வெள்ளி தங்கமானது. ஒருவர் உடம்புக்குள் போன மருந்து, அடுத்தவர் பெயரையும் இழுத்துவிடுகிறது.

அமெரிக்க பேஸ்பாலில் வேறு வழி. ஊக்கமருந்துப் புகாரில் சிக்கிய பாரி பாண்ட்ஸின் 762 ஹோம் ரன் ஏட்டில் அப்படியே நிற்கிறது. புகழ் மண்டபத்துக்கு மட்டும் பத்து ஆண்டும் செய்தியாளர்களின் ஓட்டு போதிய அளவு கிடைக்கவில்லை. எண்ணை வைத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு இது நேர் தலைகீழாகப் படுகிறது. எண்ணை ஏட்டிலிருந்து அடித்துவிட வேண்டும், ஆளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் மாத்திரையும் ஊசியும் பவுடரும் தானாக மைதானத்துக்கு நடந்து வருவதில்லை. கொடுப்பவர், விற்பவர், தெரிந்தும் பேசாதவர் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. தடையை அனுபவிப்பது பெரும்பாலும் ஓடியவர் மட்டும். நம் பிள்ளைகள் கையில் யாராவது டப்பாவைக் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மருந்துகளைச் சரிபார்க்க இந்தியாவின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான 'நாடா'வே வசதி வைத்திருக்கிறது.

கோமதியின் தடைக்காலம் 2023இலேயே முடிந்துவிட்டது. அடுத்த பொங்கல் விளையாட்டு விழா மேடைக்கு அவரை மரியாதையோடு அழையுங்கள், பிள்ளைகளிடம் பேசச் சொல்லுங்கள். ஃபிளெக்ஸில் '2019 ஆசியத் தங்கம்' என்று மட்டும் போடாதீர்கள்.

அன்புடன்,
அம்பாங்கில் வாழும் உங்கள் ஊர்க்காரன்