கடலுக்கு நாம் எழுதாத கணக்கு

மன்னார் வளைகுடாவில் தீவுகள் 21 என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இன்றைக்குப் போய் எண்ணினால் 19தான் இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போய்விட்டன. ஒரே ராத்திரியில் புயல் வந்து கொண்டுபோகவில்லை. தீவைச் சுற்றி வேலியாக நின்ற பவளப்பாறையை வருஷக்கணக்காகப் பெயர்த்தெடுத்தோம். வேலி போனதும் அலை நேராக மணலுக்கு வந்தது.

பெயர்த்தவர் யாரோ, நாமில்லை என்று ஒதுங்கிவிட முடியாது. வள்ளம் வள்ளமாகக் கரையிறங்கிய அந்தக் கல் காளவாயில் வெந்து சுண்ணாம்பானது. அந்தச் சுண்ணாம்பைத்தான் வீட்டுச் சுவரில் அடித்தோம். கடற்கரை ஊர்களில் கல்லை அப்படியே வைத்துச் சுவர் எழுப்பினோம். கொஞ்சம் ஆலைக்குப் போனது. கரைக்கு வந்த கல்லுக்கு விலை இருந்தது. வெட்டியவருக்குக் கூலி, காளவாய்க்காரருக்கு லாபம், நமக்குக் கைக்கெட்டிய விலையில் சுண்ணாம்பு. தண்ணீருக்கடியில் நிற்கும் கல்லுக்கு மட்டும் விலை கிடையாது. விலை இல்லாததால் அதற்கு மதிப்பும் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டோம். கட்டுபடியாகிறது என்பதற்கு மேல் நாம் எதையும் கேட்கவில்லை.

நிற்கிற கல் சும்மா நிற்கவில்லை. அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைப் பவளத்திட்டு உடைத்துவிடுகிறது என்று பல நாட்டுக் கடல்களில் எடுத்த அளவுகளைத் தொகுத்து 2014இல் வந்த ஆய்வு சொல்கிறது. அந்தப் பாறையின் பொந்துகளில்தான் குஞ்சு மீன் வளர்கிறது. தீவின் மணல் கரையாமல் இருப்பதும் அதனால்தான். 2004 சுனாமியில் இந்தத் தீவுகளும் பாறைகளும் எதிர்க்கரையைக் காத்து நின்ற பிறகுதான் கல் எடுப்பது நின்றது. 2001இலேயே பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்துவிட்டது. சட்டம் இருந்தும் கேட்காத நாம், அலை வந்து காட்டியதும் கேட்டோம்.

கடலோர இயற்கைக்கு விலை போட முடியுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. தாய்க்கு விலை பேசுவதா என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் விலை பேசாமல் நாம் என்ன காப்பாற்றிவிட்டோம்? பொருளாதார அறிஞர்கள் சில வழிகள் வைத்திருக்கிறார்கள். பிடிபடும் மீனைச் சந்தை விலையில் கணக்கிடுவது சுலபமான வழி. பாறை செய்த வேலையைக் கருங்கல்லும் கான்கிரீட்டும் கொட்டி நாமே செய்தால் எவ்வளவு ஆகும் என்று பார்ப்பது இன்னொன்று. அலையாத்திக் காடு நிற்கும் ஊரில் புயல் எவ்வளவு கெடுத்தது, இல்லாத ஊரில் எவ்வளவு கெடுத்தது என்று ஒப்பிடுவது மற்றொன்று. 1997இல் ராபர்ட் கோஸ்டான்சாவும் கூட்டாளிகளும் உலகம் முழுவதற்கும் இப்படி ஒரு கணக்குப் போட்டார்கள். இயற்கை செய்து தரும் வேலை ஆண்டுக்குச் சுமார் 33 லட்சம் கோடி டாலர் பெறும் என்று வந்தது. அன்றைய உலக நாடுகளின் மொத்த உற்பத்தியே 18 லட்சம் கோடிதான். அந்தத் தொகையில் பாதிக்கு மேல் கடலினுடையது. கணக்கில் ஓட்டை உண்டு என்று வாதம் நடந்தது, நடக்கட்டும். நாம் போட்டுவைத்திருந்த பூஜ்யத்தைவிட அது உண்மைக்குப் பக்கம்.

எனக்கு மனதில் தைத்தது ஒடிசாக் கணக்குதான். 1999 அக்டோபர் பெரும்புயலுக்குப் பிறகு பிதர்கனிகா அலையாத்திக் காட்டுப் பக்கம் மூன்று கிராமங்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். காட்டின் மறைவில் இருந்த கிராமத்தில் வீட்டுக்குச் சராசரி நஷ்டம் 33 டாலர். காடும் இல்லாமல் கரையணையும் இல்லாமல் இருந்த கிராமத்தில் 44. காடில்லாமல் கரையணை மட்டும் இருந்த கிராமத்தில் 154! அணை உடைந்த இடத்தில் உள்ளே புகுந்த உப்புத்தண்ணீரை, உடையாத மீதி அணை வெளியே போகவிடாமல் வயலிலேயே தேக்கிவிட்டது. நம் ஊர்க் கடற்கரையில் ஒவ்வொரு அரிப்புக்கும் நாம் மனுக் கொடுத்துக் கேட்பது எதை? கல் கொட்டச் சொல்லித்தானே. அலையாத்தி நட்டுத் தாருங்கள் என்று எத்தனை ஊர்க்கூட்டத்தில் கேட்டிருக்கிறோம்?

தொண்ணூறுகளில் இறால் பண்ணை வந்தபோதும் இதே கதைதான். டாலர் வருகிறது என்றார்கள், நிலத்தைக் கொடுத்தோம். குடிக்கிற தண்ணீர் உப்பானபோது முணுமுணுத்தோம், அதற்குமேல் போகவில்லை. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் தீர்ப்பில், பண்ணைகள் ஈட்டிய வருவாயைவிட அவை செய்த சேதம் அதிகம் என்ற மதிப்பீடு இடம்பெற்றது. நஷ்டத்தையும் எழுதிப் பார்க்க ஒரு முதியவர் வழக்குப் போட வேண்டியிருந்தது. நாம் அந்தத் தீர்ப்பையும் சீக்கிரமே மறந்தோம்.

இந்தக் கணக்கைப் படிக்காமலேயே போட்டவர்கள் ராமநாதபுரம் கரையில் இருக்கிறார்கள். பாசி எடுக்கும் பெண்கள். விரலில் துணி சுற்றி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியும் கட்டைக்கோரையும் பறிக்கிறவர்கள். பாசி குறைவது கண்ணுக்குத் தெரிந்ததும் அவர்களே உட்கார்ந்து பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மீதி நாளில் பாசி வளரும், பாறை ஆறும். பாக் விரிகுடாவிலும் வலையில் சிக்கிய ஆவுளியா என்னும் கடற்பசுவை மீனவர்கள் வலையை அறுத்து விடுகிறார்கள். 2022இல் அங்கே 448 சதுர கிலோமீட்டர் கடல் கடற்பசுப் பாதுகாப்பகமானது. அறுத்த வலைக்கும் விட்ட உயிருக்கும் வெகுமதி கொடுக்கிறார்கள். கடற்புல் மேயும் ஒரு ஜீவனை விட்டுவைத்ததற்குப் பணம் என்பது நம் பேரேட்டுக்குப் புதுசு. இனி நாம் எழுதிப் பழக வேண்டிய வரி அதுதான்.

அந்தப் பெண்கள் எடுக்கும் பாசியிலிருந்து வரும் அகர் நம் வீட்டு இனிப்பில் கெட்டிப்படுகிறது, ஆல்ஜினேட் துணிச்சாயத்தில் சேர்கிறது. பறித்த 12 நாளுக்கு வியாபாரி கொடுக்கும் விலை உண்டு. பறிக்காமல் கடலை விட்டுவைத்த நாட்களுக்கான கூலியை அவர்களே தங்கள் வீட்டுச் செலவைக் குறைத்துச் சுமக்கிறார்கள். அதில் நம் பங்கு எவ்வளவு, அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று அவர்களிடமே உட்கார்ந்து கேட்டுத்தான் எழுத வேண்டும்.