மின்சாரம் நம்முடையது, கணக்கும் நமக்கு வேண்டும்!



காலை ஏழு மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். சோற்று டப்பாவும் கையுமாக ஓடுகிறவன் பாட்டாளி. சானடோரியத்தில் இறங்கி ஏற்றுமதித் தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள், கிண்டிக்குப் போகிற பிட்டர், பாரிமுனைக்குப் போகிற மூட்டை தூக்கும் தோழர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகிறது மின்சார ரயில். 1931-ம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே அந்த ரயில் ஓடத் தொடங்கியது. தென்னாட்டின் முதல் மின்சார ரயில் அதுதான். வெள்ளைக்காரன் ஆட்சியில், வெள்ளைக்காரன் கம்பெனி ஓட்டியதுதான். ஆனாலும் அந்த மின்சாரம் யாரைச் சுமந்தது என்பது ஊருக்கே தெரிந்தது. உழைக்கப் போகிறவனைச் சுமந்தது!

அதே தாம்பரத்திலிருந்து இன்று கிழக்கே மேடவாக்கம் வழியாகப் போய், பழைய மகாபலிபுரம் சாலையில் தெற்கே திரும்பிச் சிறுசேரிக்குப் போங்கள். சிப்காட் பூங்காவுக்குள் ஜன்னல் இல்லாத நீளக் கட்டிடங்களைக் காண்பீர்கள். உள்ளே மனித நடமாட்டம் குறைவு. குளிரூட்டும் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் ஓயாது. வாசலில் 'டேட்டா சென்டர்' என்று எழுதியிருக்கும். தமிழில் தரவு மையம் என்கிறார்கள். வடக்கே அம்பத்தூரிலும் இவை எழுந்துள்ளன.

இவை என்ன? யாருடைய மின்சாரத்தில் ஓடுகின்றன? இதை ஏன் நாம் பேசவேண்டும்? இந்தக் கேள்விகளைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம். இதே கேள்விகளை ஐரோப்பிய நாடுகள் சில ஆண்டுகளாக எழுப்பி, சண்டையிட்டு, சட்டமும் செய்து வருகின்றன. அவர்கள் பட்டுத் தெளிந்ததை நாம் படித்துத் தெளியலாம் அல்லவா?

இயந்திரம் நமக்குப் பகை அல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இயந்திரத்தை உடைக்கச் சொல்கிற கூட்டம் அல்ல நாம். உங்கள் சட்டைப் பையில் இருக்கிற கைப்பேசியில் பணம் அனுப்புகிறீர்கள். பிள்ளையின் தேர்வு முடிவைப் பார்க்கிறீர்கள். உணவு கொண்டுபோகிற இளைஞனுக்கு அடுத்த ஆர்டர் வருவதும் கைப்பேசியில்தான். இவற்றுக்கெல்லாம் எங்கோ ஒரு கட்டிடத்தில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் இரவு பகலாக ஓடவேண்டும். அந்தக் கட்டிடமே தரவு மையம்.

சென்னையை அவர்கள் தேடிவரக் காரணம் உண்டு. உலகத்தின் செய்தியெல்லாம் கடலடிக் கம்பி வழியே ஓடுகிறது. அந்தக் கம்பிகள் பல சென்னைக் கரையில் ஏறுகின்றன. சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கம்பி போட்டு, 2020 ஆகஸ்டில் அதைத் தொடங்கி வைத்தார்கள். கரையும் நம்முடையது, நிலமும் நம்முடையது, மின்சாரமும் நம்முடையது. வருகிறவர்கள் வரட்டும். ஆனால் வீட்டுக்கு வருகிற விருந்தாளி எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்காமல் உலை வைக்கிற குடும்பம் உண்டா?

ஒரு சிறு கணக்கு

ஒரு மெகாவாட் என்றால் என்ன? ஒரு மெகாவாட் சுமை இடைவிடாமல் ஓடினால் நாளொன்றுக்கு 24,000 யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு, அதாவது 60 நாளுக்கு, 14 லட்சத்து 40 ஆயிரம் யூனிட். முடிச்சூரிலோ பெருங்களத்தூரிலோ ஒரு தொழிலாளி வீடு இரண்டு மாதத்தில் 200 யூனிட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெகாவாட் என்பது அப்படிப்பட்ட 7,200 வீடுகளின் மின்சாரம்! பெரிய தரவு மையங்களின் தேவை ஒரு மெகாவாட்டில் நிற்பதில்லை. பத்துப் பத்தாக ஏறுகிறது. 50 மெகாவாட் முழுச் சுமையில் ஓடும் ஒரு மையம் 3 லட்சத்து 60 ஆயிரம் வீடுகளுக்குச் சமம்.

2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. சித்திரை வெயிலில் அத்தனை வீட்டு விசிறியும் அத்தனை ஆலையும் அத்தனை பம்புசெட்டும் சேர்ந்து இழுத்த அளவு அது. அந்த வேளையில், மின்னழுத்தம் தாழ்ந்து விசிறி நத்தையாய்ச் சுற்றும் வீட்டில், குழந்தைக்கு ஓலை விசிறியால் வீசுகிறவள் நம் வீட்டுப் பெண். தரவு மையமோ ஒரு விநாடி கூட நிற்கக் கூடாது. அதற்கு இரண்டு வழியில் கம்பி, அதற்கும் மேல் டீசல் ஜெனரேட்டர்! நிற்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் தன்மை. அதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பற்றாக்குறை வந்தால் அதன் பாரம் யார் தலையில் விழும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அயர்லாந்து தரும் பாடம்

ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் அயர்லாந்து என்றொரு சிறு நாடு. வரி குறைவு, ஆங்கிலம் பேசுகிற படித்த இளைஞர் கூட்டம், கடலடிக் கம்பி. நம் சென்னையைப் போலவேதான்! அமெரிக்கப் பெரும் கம்பெனிகள் டப்ளின் நகரைச் சுற்றித் தரவு மையங்களைக் கட்டின. 2015-ல் நாட்டின் மின்சாரத்தில் 5 சதவிகிதம் இவற்றுக்குப் போயிற்று. 2023-ல் அது 21 சதவிகிதம்! அதே ஆண்டு அந்நாட்டின் நகர்ப்புற வீடுகள் அத்தனையும் சேர்ந்து செலவழித்தது 18 சதவிகிதந்தான். மக்கள் வாழும் நகரங்களைவிட இயந்திரங்கள் வாழும் கொட்டகைகள் அதிகம் குடித்துவிட்டன.

விளைவு என்ன? 2021-ல் அந்நாட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விழித்துக்கொண்டது. புதிய மையங்களுக்குக் கண்டபடி இணைப்புத் தருவதற்குத் தடை போட்டது. டப்ளின் பகுதியில் புதிய இணைப்புகளே ஏறக்குறைய நின்றுபோயின. 2025 டிசம்பரில் வேறொரு விதி வந்தது. புதிய மையம் கட்டுகிறவன் தன் தேவைக்கு ஈடான மின் உற்பத்திக்கோ சேமிப்புக்கோ தானே வழி செய்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். வெள்ளம் வீட்டுக்குள் வந்தபிறகு அணை கட்டின கதை!

ஹாலந்திலும் இதே வழக்குத்தான். 2019-ல் ஆம்ஸ்டர்டாம் நகரமும் பக்கத்து ஹார்லெம்மெர்மேர் நகராட்சியும் புதிய தரவு மையங்களுக்கு ஓராண்டு நிறுத்தம் போட்டன. ஸேவோல்டே என்ற சிற்றூரில் பேஸ்புக்கின் தாய்க் கம்பெனி மாபெரும் மையம் கட்ட வந்தது. 2021 டிசம்பரில் ஊர் மன்றம் சம்மதம் கொடுத்தது. 2022 மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எதிர்த்து நின்ற உள்ளூர்க் கட்சியை மக்கள் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டிலேயே கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது. வாக்குச் சீட்டு என்ன செய்யும் என்று கேட்கிறவர்கள் அந்தச் சிற்றூரை நினைத்துக்கொள்ளட்டும்.

ஜெர்மனி 2023-ல் மின்சிக்கனச் சட்டம் இயற்றியது. இத்தனை பெரிய மையம் என்றால் வீணாகும் மின்சாரம் இவ்வளவுக்குள் இருக்கவேண்டும், காற்று சூரிய மின்சாரம் இவ்வளவு இருக்கவேண்டும் என்று அளவு கட்டியது. வெளியேறும் வெப்பத்தில் ஒரு பங்கை மற்றவர்க்குப் பயன்படுத்தவேண்டும் என்றும் சொன்னது. குளிர்நாட்டில் அந்த வெப்பம் வீடுகளுக்குக் கணப்பு. டென்மார்க்கில் ஓடென்ஸ் நகரத்தில் அப்படிக் குழாய் வழியே தருகிறார்கள். தாம்பரத்துச் சித்திரையில் யாருக்கு வேண்டும் அந்தச் சூடு! ஆகவே ஐரோப்பாவை அப்படியே நகல் எடுக்கச் சொல்லவில்லை நாம். அவர்கள் கேட்ட கேள்வியை நாமும் கேட்கவேண்டும். விடை நம் மண்ணுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும்.

கணக்குப் புத்தகம் எங்கே?

ஐரோப்பியக் கூட்டமைப்பு செய்த ஒரு காரியம் மட்டும் எந்த மண்ணுக்கும் பொருந்தும். 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள தரவு மையங்கள் தாம் செலவழிக்கும் மின்சாரம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்கவேண்டும் என்று விதி செய்தது. முதல் கணக்கு 2024 செப்டம்பரில் கேட்கப்பட்டது. அங்கும் ஓட்டை இருக்கிறது. தனித்தனி மையத்தின் கணக்கைத் தொழில் ரகசியம் என்று மூடிவைத்து, மொத்தக் கணக்கைத்தான் ஊருக்குக் காட்டுகிறார்கள். நாம் அந்த ஓட்டையையும் அடைத்துச் சட்டம் கேட்போம்.

தண்ணீரைச் சொன்னோம். சில மையங்கள் காற்றால் குளிர்கின்றன. சில தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்கின்றன. எது எப்படி என்பதைத் தென்சென்னைப் புறநகர்க்காரன் கேட்காமல் யார் கேட்பது? 2019 கோடையை மறந்துவிட்டோமா? ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லி ஊழியர்களை அனுப்பின. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்கள் நாம். 2024-ல் நெம்மேலியில் நாளுக்கு 15 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலை திறக்கப்பட்டது. கடல்நீரைக் குடிநீராக்கவும் மின்சாரந்தான் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். தண்ணீர்க் கணக்கும் மின்கணக்கும் ஒரே புத்தகத்தின் இரண்டு பக்கங்கள்.

சர்க்கார் கொடுப்பது என்ன? 2021-ல் தமிழ்நாட்டுக்கென்று தரவு மையக் கொள்கை வந்தது, சலுகைகள் அறிவிக்கப்பட்டன. 2022 மத்திய பட்ஜெட் தரவு மையங்களை உள்கட்டமைப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. மலிவுக் கடனுக்கு அது வாசல். மறுபக்கம், அதே 2022 செப்டம்பரில் எட்டாண்டுக்குப் பிறகு நம் மின்கட்டணம் ஏறிற்று. வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் என்ற பாதுகாப்பு நின்றது உண்மை. அதற்கு மேல் எரித்தவன் கூடுதலாகக் கொடுத்தான் என்பதும் உண்மை.

"தரவு மையம் வீட்டைவிட யூனிட்டுக்கு அதிகக் கட்டணம் கொடுக்கிறது, அதனால் மின்வாரியத்துக்கு லாபம்" என்கிறார்கள் ஆதரவாளர்கள். இந்த வாதத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. இருக்கலாம். அப்படியானால் கணக்கைக் காட்டுவதில் தயக்கம் ஏன்? அவர்களுக்காகப் போட்ட துணை மின் நிலையத்தின் செலவு எவ்வளவு? அதில் கம்பெனி கொடுத்தது எவ்வளவு? விட்டுக்கொடுத்த வரி எவ்வளவு? உச்ச நேரத்தில் வெளியிலிருந்து வாங்கிய மின்சாரத்தின் விலையில் இவர்கள் பங்கு எவ்வளவு? கூட்டிக் கழித்து லாபம் என்று வந்தால் முதலில் கைதட்டுகிறவர்கள் நாமாகவே இருப்போம்.

"வேலை வருகிறதே!" என்பது அடுத்த வாதம். கட்டுகிற காலத்தில் கொத்தனாருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் வேலை உண்டு. கட்டி முடித்த பிறகு? இயந்திரத்துக்குத்தான் இடம், ஆளுக்கு அல்ல. ஒரு நெசவாலையோ மோட்டார்த் தொழிற்சாலையோ அதே மின்சாரத்தில் எத்தனை பேருக்குச் சோறு போடும் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். நிரந்தர வேலை எத்தனை? உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை? காவலுக்கும் துப்புரவுக்கும் மட்டும் ஒப்பந்தக் கூலியா? எழுதிக் கொடுக்கட்டும்.

மேஜையில் நமக்கும் ஒரு நாற்காலி

எரிபொருளும் மின்சாரமும் அரசியலின் அடுப்பு. இதை ஐரோப்பா ரத்தம் சிந்திக் கற்றது. பிரான்சும் ஜெர்மனியும் இரண்டு உலகப் போரில் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டன. 1950 மே 9-ம் தேதி பிரெஞ்சு வெளிநாட்டு மந்திரி ராபர்ட் ஷூமன் ஒரு யோசனை சொன்னார். இரண்டு நாட்டு நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது அதிகாரத்தின் கீழ் வைப்போம் என்றார். 1951-ல் ஆறு நாடுகள் பாரிஸில் ஒப்பந்தம் செய்தன. பகை தீரப் பேச்சு மட்டும் போதாது, உலையில் போடும் கரியின் கணக்கு இருவருக்கும் தெரியவேண்டும் என்பதே அந்தச் சமரசத்தின் அடிப்படை. அந்தப் பொது அதிகாரத்தின் ஒன்பது உறுப்பினர்களில் ஒருவர் பால் ஃபினே. பெல்ஜியத்துத் தொழிற்சங்கத் தலைவர்! முதலாளி நாடுகள் செய்த ஏற்பாடுதான் அது. ஆனால் அங்கேகூடத் தொழிலாளிக்கு ஒரு நாற்காலி போடவேண்டியிருந்தது.

இங்கே கம்பெனியும் சர்க்காரும் உட்கார்ந்து புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதுகிறார்கள். மாலை போடுகிறார்கள். படம் பத்திரிகையில் வருகிறது. ஒப்பந்தத்தில் நமக்குப் புரியவைத்தது என்ன? ஊர்க்காரனுக்கும் மின்வாரியத் தொழிலாளிக்கும் அந்த மேஜையில் நாற்காலி இல்லை. சென்னை ராஜ்ய மின்சார வாரியம் 1957-ல் பொதுமக்கள் சொத்தாக அமைந்தது. கம்பம் நட்டவன், கம்பி இழுத்தவன், மழையில் ஏறிப் பழுது பார்த்தவன் தொழிலாளி. கட்டணம் கட்டிக் காத்தவன் குடிமகன். சொந்தக்காரனுக்கே கணக்குச் சொல்லாத குமாஸ்தா உண்டா?

ஆகவே நம் கோரிக்கை மூன்று. ஒவ்வொரு தரவு மையத்தின் மின்சாரமும் தண்ணீரும் ஆண்டுதோறும் பெயரோடு வெளியிடப்பட வேண்டும். சலுகை பெறுகிறவன் எத்தனை நிரந்தர வேலை தந்தான் என்பது அதே பட்டியலில் வரவேண்டும். புதிய மையத்துக்கு இணைப்புத் தருமுன், அதற்கு ஈடான காற்று, சூரிய மின்சாரமும் சேமிப்பும் எங்கிருந்து வரும் என்று சொல்லவேண்டும். பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிறுவிய நாடு இது. முடியாத காரியம் அல்ல.

இதற்குக் கோட்டையை நோக்கி மட்டும் கூவினால் போதாது. கட்டணம் மாறும்போது மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் ஆட்சேபத்தைக் கேட்டே தீரவேண்டும். 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்தக் கூட்டத்துக்குக் கம்பெனி வக்கீல் தவறாமல் வருகிறான். நாம் போகிறோமா? சிறுசேரியில் கிராம சபை இருக்கிறது. தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆயிற்று. வார்டுதோறும் பகுதி சபை கூட்டச் சட்டம் இருக்கிறது. அங்கே எழுந்து நின்று இந்த மூன்று கேள்விகளைக் கேட்கத் தோழர்கள் தயாராகவேண்டும். வீட்டுக் கரண்ட் பில்லை ஒரு கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மறு கையில் மேலே போட்ட 7,200 வீட்டுக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். அது போதும், கூட்டம் திரும்பிப் பார்க்கும்.

அயர்லாந்து தாமதமாகக் கேட்டது, தவித்தது. ஸேவோல்டே நேரத்தில் கேட்டது, தப்பியது. நாம் எப்போது கேட்கப் போகிறோம்?