நன்றி சொன்னால் போதுமா?

பிள்ளைகளே! ஏலகிரி மலை அடிவாரத்தில் நான் வாத்தியாராக இருந்த காலத்தில் நடந்தது இது. மதிய உணவு முடிந்தது. ஒரு மாணவன் டம்ளரில் இருந்த தண்ணீரில் பாதியைக் குடித்தான். "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று அதற்குப் பொருள். சாப்பிட்டு முடித்தாலும், தும்மினாலும், நல்ல சேதி கேட்டாலும் முஸ்லிம்கள் சொல்லும் சொல் அது. சொன்ன கையோடு மீதித் தண்ணீரைப் படிக்கட்டில் வீசி ஊற்றினான்.

பக்கத்தில் இருந்தவன் சும்மா இருப்பானா? "சார், நன்றி சொல்லிட்டு அதையே கொட்டுறான் பாருங்க சார்!" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு யோசித்தபோது, கோள் சொன்ன அந்தப் பையன் இஸ்லாத்தின் பெரிய பாடம் ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறான் என்று தோன்றியது.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது பேசும் பிள்ளைகள் 'ஷுக்ரியா' என்று நன்றி சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 'ஷுக்ர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. கொஞ்சம் தீவனம் தின்றாலும் கொழுகொழுவென்று வளர்கிற கால்நடையையும், மடி நிறையப் பால் வைத்திருக்கும் ஒட்டகத்தையும் அந்தக் காலத்து அரபிகள் இதே சொல்லின் உறவுச் சொற்களால் அழைத்தார்கள். மாடு நமக்கு 'தேங்க்ஸ்' சொல்வதில்லை. ஆனால் போட்ட புல் பாலில் தெரிகிறது அல்லவா? நன்றி என்பது அப்படி வெளியே தெரிய வேண்டிய ஒன்று.

திருக்குர்ஆனின் 34ஆம் அத்தியாயத்தில் தாவூது நபியின் குடும்பத்தாருக்கு ஒரு கட்டளை வருகிறது. நன்றியைச் 'சொல்லுங்கள்' என்று அங்கே இல்லை. நன்றியைச் செயலாகச் செய்யும்படிதான் இருக்கிறது! உள்ளத்தால், நாவால், கை கால்களால் என்று நன்றி மூன்று வகை என மார்க்க அறிஞர்கள் பிரித்துச் சொல்வார்கள். நாவால் சொல்வதுதான் மூன்றிலும் சுலபம். அதனால்தானோ என்னவோ, நாம் அதோடு நிறுத்திக்கொள்கிறோம்!

நபிகள் நாயகம் சொன்ன ஒரு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். வழிப்போக்கன் ஒருவனுக்குக் கடும் தாகம். கிணறு ஒன்றைக் கண்டு, அதில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு மேலே வந்தான். அங்கே ஒரு நாய், தாகம் தாங்காமல் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. 'எனக்கு இருந்த தாகம்தானே இதற்கும்!' என்று எண்ணியவன் மறுபடியும் கிணற்றில் இறங்கினான். வாளி இல்லை. காலில் போட்டிருந்த தோலுறையைக் கழற்றி அதில் தண்ணீரை நிரப்பினான். ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டுமே! அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்து நாய்க்குப் புகட்டினான். அதற்காக இறைவன் அந்த மனிதனுக்கு நன்றி பாராட்டி, அவனுடைய பாவங்களை மன்னித்தான் என்று கதை முடிகிறது. ஆம், நன்றி பாராட்டியது இறைவன்! தான் குடித்த தண்ணீருக்கு அவன் செலுத்திய நன்றி, நாயின் தாகம் தீர்த்ததில் தெரிந்தது.

தோலும் தண்ணீரும் ஒன்றாக வரும் இந்தக் கதையைக் கேட்டால் எனக்கு நம் பாலாறு ஞாபகம் வந்துவிடும்.

கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரம் வழியாக வரும் ஆறு பாலாறு. அதன் கரையிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் தோலால் வளர்ந்த ஊர்கள். முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. தோல் தொழில் இங்கே பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி, 1965இல் தொடங்கிய மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி போன்றவற்றின் பின்னால் தோல் வணிகர்களின் கொடை இருக்கிறது. சம்பாதித்த பணத்தில் பள்ளிக்கூடம் கட்டுவது செயலால் செலுத்தும் நன்றிதான். அதை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் ஆற்றுக்கு என்ன செய்தோம்? ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் தேவை என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி அளித்த தீர்ப்பில் குறிப்பிட்டது. அந்தக் கழிவு நீர் பாலாற்றிலும் வயல்களிலும் பாய்ந்தது. கிணறுகள் உப்புக் கரித்தன. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. நிலைமை முன்பைவிட மேல்தான். ஆனாலும் 2025 ஜனவரியில் இதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது!

திருக்குர்ஆனின் 56ஆம் அத்தியாயத்தில், நாம் குடிக்கும் தண்ணீரைப் பற்றி இறைவன் கேட்கிறான். மேகத்திலிருந்து அதை இறக்கியது நீங்களா, நானா என்பது கேள்வி. தான் நினைத்தால் அதை உப்பாக்கிவிட முடியும் என்றும் சொல்லி, நன்றி செலுத்த மாட்டீர்களா என்று கேட்கிறான். நம் ஊரில் தண்ணீரை உப்பாக்கியது யார்? இறைவன் இல்லை, நாம்தான். தொழிற்சாலை வைத்தவர்களை மட்டும் நான் சொல்லவில்லை. பளபளப்பான ஷூவை விலை குறைவாகக் கேட்கிற நாமும் அதில் சேர்த்திதான். மனிதருக்கு நன்றி காட்டாதவர் இறைவனுக்கும் நன்றி காட்டியவர் ஆகமாட்டார் என்பது நபிகளின் போதனை. தண்ணீர் கெட்டுப்போன விவசாயியும் அந்த மனிதர்களில் ஒருவர்தானே!

2019 ஜூலை 12ஆம் தேதி ஏலகிரியின் அடிவாரத்தில் உள்ள ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயில் கிளம்பியது. 50 டேங்கர் பெட்டிகள், 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர், தாகத்தில் தவித்த சென்னைக்கு! பாலாற்றுப் பக்கத்து ஊர்க்காரர்கள் குடிப்பதற்கும் இன்று காவிரித் தண்ணீர் வருகிறது. எங்கேயோ இருக்கிற ஆறு நம் தாகத்தைத் தீர்க்கிறது. வீட்டு ஆறு சும்மா கிடக்கிறது.

நபிகள் நாயகம் ஒரு 'முத்' அளவுத் தண்ணீரில் ஒளு செய்வார்களாம். தொழுகைக்கு முன் கை, வாய், முகம், கால் எல்லாம் கழுவுவதுதான் ஒளு. ஒரு 'முத்' என்றால் சுமார் முக்கால் லிட்டர்! இன்று குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் எவ்வளவு ஆகும்? உங்களுக்கு இந்த வாரம் ஒரு வீட்டுப்பாடம். எந்த மதமானாலும் சரி, கை கால் கழுவும்போது குழாயின் கீழே ஒரு வாளியை வையுங்கள். எத்தனை லிட்டர் சேர்ந்தது என்று நோட்டில் எழுதுங்கள். வாளித் தண்ணீரை வீட்டில் இருக்கிற முருங்கைக்கோ, தெருவோரத்து வேப்பங்கன்றுக்கோ ஊற்றிவிட்டு வாருங்கள்.